கத்தி அலகின் ஹார்ட்னஸ்: கடினமா, வன்மையா?

வணக்கம்.

கையால் அடித்த கத்திகளைச் சோதிப்பது பற்றி எழுதும்போது ஹார்ட்னஸுக்கு, அதாவது குழியோ கீறலோ விழாமல் எதிர்க்கும் குணத்துக்கு, 'கடினத்தன்மை' போதும் என்று சிலர் சொல்லியிருந்தீர்கள். பாடநூல்களில் பழகிய சொல்தான். ஆனால் 'கடினச் சோதனை' என்றால் கஷ்டமான தேர்வு என்றுதான் முதலில் காதில் விழுகிறது. கடினத்துக்கு எதிர்ச்சொல் கேட்டால் பாதிப்பேர் 'எளிது' என்பார்கள். எஃகு எளிதாக இருக்கிறது என்று எழுத முடியுமா?

நான் 'வன்மை'யின் பக்கம். அதற்கு எதிரே மென்மை ஏற்கெனவே நிற்கிறது. வன்மையேற்றல், வன்மைமானி என்று கிளைகளும் சிரமமில்லாமல் வருகின்றன. வன்மை என்றால் வலிமை என்று குழப்பிக்கொள்வார்களே என்ற ஆட்சேபம் நியாயமானது. ஆனால் கத்தி செய்பவருக்கு அதைவிடப் பெரிய குழப்பம் டஃப்னஸோடுதான், அதாவது உடையாமல் தாங்கும் குணத்தோடுதான், வருகிறது. அலகு மிகவும் வன்மையானால் வெட்டுவாயில் பல் விழும். குறைந்தால் வாய் மடங்கும். டஃப்னஸுக்கு 'முறியாமை' என்று வைத்துக்கொண்டு, "வன்மை ஏற ஏற முறியாமை குறையும்" என்று எழுதிப் பாருங்கள். விளக்கமே தேவைப்படவில்லை. 'வைரம்' என்ற யோசனையும் அழகானது, வைரம் பாய்ந்த கட்டை என்கிறோமே! ஆனால் சோதனைக் கருவியின் முனையே வைரக்கல், அதனால் அது சரிவராது.

அடுத்தது சோதனையின் பெயர். பழுக்கக் காய்ச்சி, வன்மையேறத் தோய்த்தெடுத்த அலகில் அரம் போட்டுப் பார்ப்பதை 'அரச்சோதனை' என்றால் ஏதோ அரசனுடைய சோதனை போலக் கேட்கிறது. 'அரத்தேர்வு' எனலாம். நல்ல அரம், வன்மையை எண்ணாகச் சொல்லும் ராக்வெல் சி அளவில் 65 வாக்கில் இருக்கும். அலகு நன்றாகத் தோய்ந்திருந்தால் அரம் கண்ணாடிமேல் போவதுபோல் வழுக்கும், தூள் விழாது. தோயாத இடத்தில் கடிக்கும். உலையில் கார்பனை இழந்த மேல்தோல் மென்மையாக இருந்தாலும் கடிக்கும். அதனால் தோலைச் சீவிவிட்டுத்தான் முடிவு சொல்ல வேண்டும். அப்போதும் அரத்தைவிட மென்மையா இல்லையா என்பதுதான் தெரியும், எண் கிடைக்காது.

எண் வேண்டுமென்றால் ராக்வெல். அதற்கு 'குழித்தேர்வு' என்ற பெயரை முன்வைக்கிறேன். 120 பாகை வைரக்கூம்பை முதலில் 10 கிலோ விசையில் ஊன்றி, 150 கிலோவுக்கு ஏற்றி, மறுபடி 10 கிலோவுக்கு இறக்கி, குழி எவ்வளவு ஆழமாகியிருக்கிறது என்று பார்க்கிறார்கள். 0.002 மில்லிமீட்டருக்கு ஒன்று வீதம் நூறிலிருந்து கழிக்க வேண்டும். 60 வந்தால் குழி 0.08 மில்லிமீட்டர்தான் இறங்கியிருக்கிறது. சரிவான வெட்டுவாயில் இதைச் செய்ய முடியாது. இரு பக்கமும் தட்டையாக, இணையாக உள்ள இடம் வேண்டும்.

இந்த 60-ஐ 'வன்மை அலகு' என்று எழுதியிருந்ததை மாற்ற வேண்டும். அலகு என்றாலே நமக்குக் கத்தியின் தகடு. தவிர, ராக்வெல்லுக்கு அளவலகே கிடையாது, அது வெறும் எண். 'வன்மை எண்' என்பதே சரி.

குழியை உண்டாக்கும் உறுப்புக்குக் 'குழிமுனை' என்று முதலில் எழுதி வைத்திருந்தேன். அப்புறம்தான் ராக்வெல் பி அளவு நினைவுக்கு வந்தது. அதில் அழுத்துவது சிறு குண்டு. குண்டை முனை என்று சொல்ல மனம் வரவில்லை. 'குழிப்பான்' என்றால் கூம்பு, குண்டு இரண்டுக்கும் பொருந்துமா?