ஹரோவில் ஃபிளாட் வாங்குகிறோம், எந்த சொலிசிட்டரைப் பிடிப்பது?

ஹரோ தம்பி:
வணக்கம். நானும் மனைவியும் லண்டன் ஹரோவில் இரண்டு அறை ஃபிளாட் ஒன்றுக்கு ஓஃபர் போட்டோம், போன கிழமை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். எங்கள் முதல் வீடு. லீஸ்ஹோல்ட், அதாவது நிலம் வேறொருவருடையது, ஃபிளாட் குறிப்பிட்ட வருடங்களுக்குத்தான் எங்களுடையது. அதில் 83 வருடம் மிச்சம் இருக்கிறது.

வீட்டுப் பத்திர வேலைக்குத் தங்களுடைய சொலிசிட்டரைத்தான் (வக்கீல்) போட வேண்டும் என்று எஸ்டேட் ஏஜென்ட் தினமும் போன் எடுக்கிறார். வேறு ஆள் என்றால் இழுபடும், விற்பவர் மனம் மாறிவிடுவார் என்கிறார். இணையத்தில் பார்த்த ஒரு கம்பனி 600 பவுண்தான் கேட்கிறது. மாமா தனக்கு விசா கேஸ் பார்த்த ஒருவரிடம் போகச் சொல்கிறார். அவரோடு தமிழில் கதைக்கலாம், எனக்கு அது பெரிய ஆறுதல்.

இன்னொன்று. டெப்பாசிட்டில் 12,000 பவுண் சீட்டு எடுத்த காசு. இதை சொலிசிட்டரிடம் முதலிலேயே சொல்ல வேண்டுமா? இரவில் நித்திரை வரவில்லை.

குரொய்டன் அக்கா:
தம்பி, ஏஜென்ட் சொல்லும் ஆளைத்தான் போட வேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை. ஆள் அனுப்பினால் அவர்களுக்குக் கமிஷன் கிடைப்பது இங்கே வழக்கம். எவ்வளவு என்று நேராகக் கேளுங்கள், மறைக்கக் கூடாது.

நான் மலிவு பார்த்துப் போனவள். என் ஃபைல் மூன்று பேர் கை மாறியது. ஒவ்வொரு முறையும் புதுக் குரல், முதலில் இருந்து கதை சொல்ல வேண்டும். குடிபோய் இரண்டாம் மாதம், கூரை திருத்த என் பங்கு 4,300 பவுண் என்று கடிதம் வந்தது. விற்பவர் தந்த பேப்பர் கட்டிலேயே அந்த நோட்டீஸ் இருந்தது, ஒருவரும் வாசிக்கவில்லை. அதனால் விலையைக் கேட்பதற்கு முதல், என் ஃபைலை யார் பார்ப்பார், அவர் லீவில் போனால் யார் பார்ப்பார் என்று கேளுங்கள்.

கோப்புக்காரி:
11 வருடமாகக் கன்வேயன்சிங்கில், அதாவது வீடு வாங்கி விற்கும் சட்ட வேலையில், இருக்கிறேன். அந்த 600 அவர்களுடைய கட்டணம் மட்டும்தான். லீஸ்ஹோல்டுக்கு மேலதிகம், பேங்க் டிரான்ஸ்ஃபர், ஸ்டாம்ப் டியூட்டி (வீடு வாங்கும் வரி) படிவம், வீட்டைப் பற்றிக் கவுன்சிலிலும் தண்ணீர் கம்பனியிலும் விசாரிக்கும் சேர்ச் எல்லாம் பிறகு ஏறும். மொத்தத்தை எழுத்தில் கேளுங்கள்.

மாமா சொல்பவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் விசா வேறு, வீடு வேறு. உங்களுக்கு மோர்ட்கேஜ் தரும் பேங்கின் பேனலில், அதாவது பேங்க் ஏற்றுக்கொண்ட வக்கீல்கள் பட்டியலில், அவர் இருக்கிறாரா? இல்லையென்றால் பேங்க் தனியாக ஒரு வக்கீல் போடும், அந்தச் செலவும் உங்கள் தலையில் விழக்கூடும். யாராக இருந்தாலும் சொலிசிட்டர்ஸ் ரெகுலேஷன் அத்தாரிட்டியின் பதிவேட்டில் பெயரைத் தேடுங்கள். சொலிசிட்டர் இல்லாமல் லைசென்ஸ்ட் கன்வேயன்சர் (வீடு வாங்கி விற்கும் வேலைக்கு லைசென்ஸ் எடுத்தவர்) என்றால் அவர்களுக்குத் தனிக் கவுன்சில் உண்டு, அங்கே பார்க்க வேண்டும்.

அப்புறம் போனில் ஒரு கேள்வி: '83 வருட லீஸ், என்ன செய்யலாம்?' 80க்குக் கீழே போனால் நீட்டிக்கும் செலவு கூடும் என்று உடனே சொல்ல வேண்டும். வாங்கி இரண்டு வருடம் காத்திருந்துதான் நீட்டிக்கலாம் என்ற விதி 2025 ஜனவரி 31இல் போய்விட்டது. அதுவும் தெரிந்தவர் என்றால் லீஸ்ஹோல்ட் பார்த்துப் பழகியவர்.

சீட்டுக் காசைக் கட்டாயம் முதல் நாளே சொல்லுங்கள். மாதாமாதம் கட்டியது பேங்க் ஸ்டேட்மென்டில் தெரிகிறதா?

ஈஸ்ட்ஹாம் வாசி:
எனக்கு அப்பா மதுரையில் நிலம் விற்றுப் பணம் அனுப்பினார். காசு எங்கிருந்து வந்தது என்று காட்ட, சொலிசிட்டர் ஒஃபிஸில் கிரயப் பத்திரத்தை மொழிபெயர்க்கச் சொன்னார்கள், அன்பளிப்புக் கடிதம், அப்பாவின் பாஸ்போர்ட் நகல் எல்லாம் கேட்டார்கள். கடைசியில் கொடுத்ததால் ஐந்து வாரம் போச்சு.

முக்கியமாக ஒன்று: 'எங்கள் பேங்க் அக்கவுண்ட் மாறிவிட்டது' என்று சொலிசிட்டர் பெயரில் மெயில் வந்தால் ஒரு பவுண்டு கூட அனுப்பாதீர்கள். ஆரம்பத்தில் வந்த கடிதத்தில் உள்ள நம்பருக்கு நீங்களே போன் செய்து கேளுங்கள். மோசடிக்காரர்கள் நடுவில் புகுவது இந்த இடத்தில்தான்.

ஹரோ தம்பி:
எல்லோருக்கும் நன்றி. மூன்று இடத்துக்குப் போன் எடுத்தேன். முதல் இடத்தில் ஃபைலை யார் பார்ப்பார் என்றதற்கு 'எங்கள் டீம்' என்றார்கள், அதற்கு மேல் பதில் இல்லை. இரண்டாமவர் பேங்க் பேனலில் இல்லை. மூன்றாவது, ரெய்னர்ஸ் லேனில் ஒரு சின்ன ஒஃபிஸ். லீஸ் கேள்வியைக் கேட்டதும் அந்த அம்மா, 'கிரவுண்ட் ரென்ட் எவ்வளவு, எத்தனை வருடத்துக்கு ஒருமுறை கூடும்?' என்று திருப்பிக் கேட்டார். நிலச் சொந்தக்காரருக்குக் கட்டும் அந்த வாடகை பற்றி எனக்குத் தெரியவில்லை. அவரையே போட்டுவிட்டேன். மொத்தம் 1,850 பவுண், சேர்ச்சும் சேர்த்து, ஸ்டாம்ப் டியூட்டி இல்லாமல்.

சீட்டுக்கு மாதம் 500 படி 24 மாதம் பேங்கில் இருந்தே போயிருக்கிறது. சீட்டுப் பிடிக்கும் அக்கா கடிதம் தருகிறேன் என்றார்.

கோப்புக்காரி:
அந்தக் கடிதத்தில் சீட்டில் இருந்தவர்கள் எத்தனை பேர், உங்களுக்கு எந்த மாதம் விழுந்தது என்பதையும் எழுதச் சொல்லுங்கள். காசு உங்கள் அக்கவுண்டில் விழுந்த நாளின் ஸ்டேட்மென்டையும் கூடவே வையுங்கள்.

குரொய்டன் அக்கா:
கம்ப்ளீஷனை, அதாவது மிச்சக் காசைக் கட்டிச் சாவி வாங்குவதை, வெள்ளிக்கிழமை வைக்க விடாதீர்கள் தம்பி. பேங்கில் காசு தாமதமானால் சனி, ஞாயிறு முழுக்க சாமான் ஏற்றிய வான் வண்டியோடு நிற்க வேண்டி வரும். செவ்வாய் அல்லது புதன் கேளுங்கள்.