படப்புத்தகத்தில் எல்லாப் பக்கமும் பாட்டி, தாத்தாவைக் காணோம்

மரப்பாச்சி கேட்டது:
என் மகளுக்கு ஆறு வயது. பள்ளி விட்டு வந்ததும் அவளைப் பார்த்துக்கொள்வது என் அப்பா அம்மாதான். அவளுக்காக ஒரு படப்புத்தகம் வரைந்துகொண்டிருக்கிறேன், 24 பக்கம், விற்பதற்கெல்லாம் இல்லை, பத்துப் பன்னிரண்டு பிரதி எடுத்து சொந்தக்காரப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம் என்று எண்ணம். விலங்குகள் செய்யும் நம்ப முடியாத காரியங்களும் அவற்றின் தாத்தா பாட்டிகளும்தான் விஷயம். யானை, ஓர்கா திமிங்கிலம் இரண்டும் தயார். இரண்டிலும் பாட்டிதான். அப்பா புரட்டிப் பார்த்துவிட்டு "ஏன்மா, காட்டுல தாத்தாவே கிடையாதா?" என்று கேட்டுவிட்டு பேப்பர் படிக்கப் போய்விட்டார். சும்மா கேட்ட மாதிரிதான் இருந்தது, ஆனால் முகம் அப்படி இல்லை.

இன்னொரு சந்தேகம். தூக்கணாங்குருவி கூட்டுக்குள் களிமண்ணை அப்பி, அதில் மின்மினிப் பூச்சியை ஒட்டிவைத்து விளக்கேற்றும் என்று அவர் பேத்திக்குச் சொல்லியிருக்கிறார். அதை வரையச் சொல்லி அவள் உயிரை வாங்குகிறாள். போடலாமா?

வால்காக்கை:
முதலில் ஒன்று, பெரும்பாலான விலங்குகளுக்குத் தாத்தா பாட்டி யாரென்றே தெரியாது. பங்குனி ஆமை சென்னைக் கடற்கரையில் மணலைத் தோண்டி முட்டையிட்டு மூடிவிட்டுக் கடலுக்குப் போனால் போனதுதான், குஞ்சு வெளியே வர 45 நாளுக்கு மேல் ஆகும், பார்க்க அம்மாவே வராது. குயில் இன்னும் மோசம், காக்கை கூட்டில் முட்டையை வைத்துவிட்டுக் கிளம்பிவிடும், பறக்கத் தொடங்கிய குயில் குஞ்சுக்குக்கூட காக்கைதான் ஊட்டிக்கொண்டிருக்கும். இவர்களுக்கும் ஒரு பக்கம் கொடுங்கள், அப்போதுதான் பாட்டி இருப்பதே அபூர்வம் என்று பிள்ளைக்குப் புரியும்.

ஓர்காவை எப்படி வரைந்திருக்கிறீர்கள்? அமெரிக்கா, கனடாவின் பசிபிக் கரையோரம் இருக்கும் கூட்டங்களில் பெண் ஓர்கா 40 வயதுவாக்கில் குட்டி ஈனுவதை நிறுத்திவிடும், அதன் பிறகும் பல பத்தாண்டுகள் வாழும். சால்மன் மீன் குறைவான வருடங்களில் வழிகாட்டிக்கொண்டு முன்னால் போவது பெரும்பாலும் இந்தக் கிழவிகள்தான். எனக்குப் பிடித்தது வேறு. தன்னைவிடப் பெரிதாக வளர்ந்துவிட்ட மகனுக்கும் மீனைக் கடித்துப் பாதி கொடுக்கும். கல்யாணமாகி இரண்டு பிள்ளை பெற்ற மகன் தட்டில் இன்னொரு தோசை போடும் அம்மாவை எல்லோருக்கும் தெரியும்தானே, அதை வரையுங்கள்.

களிமண் உண்மை. பனையிலிருந்து காற்றில் விழுந்த கூட்டைப் பிரித்துப் பார்த்திருக்கிறேன், உள்பக்கம் காய்ந்த மண் பொட்டுப் பொட்டாக ஒட்டியிருந்தது. மின்மினி மட்டும் கதை. போடாதீர்கள்.

கதைசொல்லி:
நூலகத்தில் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்கு வாசிப்பவன் என்ற முறையில் ஒரு வேண்டுகோள். யானைப் பாட்டிக்கு மூக்குக் கண்ணாடி, கொண்டை, கைத்தடி எதுவும் வேண்டாம். எத்தனை புத்தகத்தில்தான் அந்தக் கண்ணாடியைப் பார்ப்பது. வயதை யானை உடம்பிலேயே காட்டலாம்: காதின் மேல்விளிம்பு மடிந்து தொங்கும், நெற்றிப் பொட்டு குழிந்துவிடும், நம் ஆசிய யானைக்குத் துதிக்கையிலும் காதிலும் நிறம் வெளுத்து இளஞ்சிவப்புப் புள்ளிகள் வரும். கோயில் யானையைப் பார்த்த பிள்ளை உடனே கண்டுபிடித்துவிடும்.

காட்சிக்கு கென்யாவின் அம்போசெலி தேசியப் பூங்காவை எடுத்துக்கொள்ளலாம். ஆய்வாளர்கள் சிங்கத்தின் கர்ஜனையைப் பதிவு செய்து, யானைக் கூட்டங்களுக்குக் கேட்கும்படி ஒலிபெருக்கியில் போட்டுப் பார்த்தார்கள். ஆண் சிங்கமா பெண் சிங்கமா என்று குரலை வைத்தே பிரித்தறிவதில் கூட்டத்தை நடத்திச் செல்லும், 60 வயது தாண்டிய தலைவிகள்தான் கெட்டி. ஆண் சிங்கம் தனியாகவே ஒரு யானைக் கன்றை வீழ்த்திவிடும், அதனால்தான் அந்தக் கவனம். முதல் பக்கத்தில் பாட்டி மட்டும் அசையாமல் நின்று காதை விரிக்கிறாள், எழுத்தே வேண்டாம். அடுத்ததில் கூட்டம் முழுக்க நெருங்கி நிற்கிறது, நடுவில் குட்டிகளின் கால்கள் மட்டும் தெரிகின்றன.

மின்மினி விஷயத்தில் வால்காக்கையோடு ஒத்துப்போக மாட்டேன். தாத்தா சொன்ன கதை என்று தெளிவாகப் போட்டால் என்ன தப்பு?

பனங்காய்வண்டி:
தாத்தாவுக்கு ஒரு பக்கம் என்னிடம் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் பிலானஸ்பர்க் என்ற சரணாலயம். பெரிய யானைகள் இல்லாமல் அநாதைக் குட்டிகளை மட்டும் கொண்டுவந்து விட்டார்கள். ஆண் குட்டிகள் வளர்ந்ததும் சீக்கிரமே மதம் பிடித்து, 1992 முதல் 1997 வரை 40க்கும் மேற்பட்ட வெள்ளைக் காண்டாமிருகங்களைக் கொன்றன. 1998இல் அதே நாட்டின் க்ரூகர் தேசியப் பூங்காவிலிருந்து வயதான ஆண் யானைகள் ஆறைக் கொண்டுவந்து விட்டார்கள், அவ்வளவுதான். பெரியவர்கள் முன்னால் பையன்களின் மதம் அடங்கியது, கொலையும் நின்றது. ஆறு வயதுப் பிள்ளைக்குக் கொலை வேண்டாம், "வம்பு பண்ணினார்கள்" என்று எழுதினால் போதும்.

வால்காக்கை:
நல்ல செய்தி, ஆனால் அந்த ஆறும் அந்தப் பையன்களுக்குத் தாத்தா இல்லை. இரத்த சொந்தமே கிடையாது.

பனங்காய்வண்டி:
எங்கள் ஊரில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியவர் யாருக்கும் சொந்தத் தாத்தா இல்லைதான் சார். அவர் செருமினால் சைக்கிளை விட்டு இறங்கி உருட்டிக்கொண்டு போவோம். "ஊர்த் தாத்தா" என்று போடட்டும்.

நிலாச்சோறு:
பூச்சிக்கும் ஒரு பக்கம்! ஜப்பானில் ஒரு வகை அசுவினி (செடியின் சாற்றை உறிஞ்சும் குட்டிப் பூச்சி), செடியில் உண்டாகும் முடிச்சுக்குள் குடும்பமாக வாழும். குட்டி போடும் வயது தாண்டிய கிழவிகள் காவலுக்கு நிற்கும், எதிரிப் பூச்சி வந்தால் மெழுகு மாதிரி ஒன்றைச் சுரந்து அதன் மேலேயே ஒட்டிக்கொள்ளும். அதோடு சேர்ந்து சாக வேண்டியதுதான். அந்தக் கடைசி வரியை என்ன செய்வது என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

மரப்பாச்சி:
எல்லோருக்கும் நன்றி. கண்ணாடியை அழித்துவிட்டேன், மூன்று பக்கத்தில் போட்டிருந்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. அசுவினி வேண்டாம், மகள் அழுவாள்.

பிலானஸ்பர்க்கை அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். "ஆறு பேர் போதுமா இருந்துச்சா" என்று மட்டும் கேட்டார், அப்புறம் சாப்பிடும்போது அம்மாவிடம் அதையே முழுசாகச் சொல்லிக்கொண்டிருந்தார். தூக்கணாங்குருவியைப் பற்றிக் கேட்டேன். மின்மினியை அவரும் பார்த்ததில்லையாம், கிணற்று மேட்டில் உட்கார்ந்து அவருடைய தாத்தா சொன்னதாம். அதனால் பக்கத்தின் பாதியில் மண் பொட்டு வைத்த கூடு, மறுபாதியில் கிணற்று மேட்டில் ஒரு கிழவரும் டவுசர் போட்ட என் அப்பாவும். வெளிச்சம் கூட்டிலிருந்து வருகிறதா கிழவரின் பீடியிலிருந்தா என்று தெரியாத மாதிரி வரையப் பார்க்கிறேன், மஞ்சள்தான் சரியாக வரமாட்டேன் என்கிறது.