புறக்கோட்டைத் துணிக்கடைக்கு பேக்எண்ட் எழுதிய கதை (உங்கள் அனுபவமும் வரட்டும்)

2023 ஒக்டோபர். புறக்கோட்டையில் மொத்தத் துணி வியாபாரம் செய்யும் முதலாளி ஒருவருக்கு ஸ்டொக், ஓடர், பில் மூன்றையும் ஒரே இடத்தில் பார்க்க வேண்டும். அதன் பேக்எண்டை, அதாவது திரைக்குப் பின்னால் தரவையும் கணக்கையும் பார்க்கும் பகுதியை, எழுத நானும் இன்னொரு தம்பியும்தான். பம்பலப்பிட்டியில் ஒரு மாடியறை, இரண்டு லப்டொப். கோட் எழுத நெஸ்ட்ஜேஎஸ் என்ற சட்டகம், தரவை டேபிள் டேபிளாக வைக்க போஸ்ட்கிரெஸ் என்று முடிவெடுக்க ஒரு பிளேன்டீ குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை.

தம்பி கிட்ஹப்பிலிருந்து ஒரு ஸ்டார்ட்டரை, யாரோ முன்பே எழுதிவைத்த ஆயத்தத் தொகுப்பை, இறக்கினான். லொகின், ரோல், மெயில், ஃபைல் அப்லோட், கியூ, கேஷ் என்று அதில் இல்லாதது இல்லை. மூன்றாம் நாள்தான் விளங்கியது, ரெடிஸ் என்ற தற்காலிகத் தரவுக் கிடங்கு ஓடாவிட்டால் அப்ளிகேஷனே எழும்பாது. எங்களுக்கு ரெடிஸ் எதற்கு? மெயில் கியூவுக்கு, அதாவது அனுப்ப வேண்டிய மெயில்களை வரிசையில் நிறுத்த. முதலாளிக்கோ மெயிலே கிடையாது, எல்லாம் வாட்ஸ்அப். சரி, கழற்றுவோம் என்று போனால், பாஸ்வேர்ட் மறந்தவர்களுக்கான கோட் மெயிலைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, மெயில் கியூவைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. மொடியூல் என்றால் தனியாகக் கழற்றிப் பூட்டக்கூடிய பகுதி, இங்கே அது ஃபோல்டரின் பெயரில் மட்டும்தான்.

ஒரு கிழமை மல்லுக்கட்டிவிட்டு அவ்வளவையும் அழித்தேன். 'நெஸ்ட் நியூ' போட்டு வெறும் ப்ராஜெக்ட் ஒன்றிலிருந்து தொடங்கினோம். கொன்ட்ரோலர் (வரும் கோரிக்கையை வாங்கும் கோட்) எல்லாம் ஒரு ஃபோல்டர், சேர்விஸ் (வேலையைச் செய்யும் கோட்) எல்லாம் ஒரு ஃபோல்டர் என்று அடுக்காமல், கடையில் நடக்கிற வேலைப்படி பிரித்தோம்: வாடிக்கையாளர், ஸ்டொக், ஓடர், பில். ஒவ்வொரு மொடியூலும் தன் டேபிளைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். மற்ற மொடியூலுக்கு ஏதாவது வேண்டுமென்றால் வெளியே பாவிக்க விட்ட (எக்ஸ்போர்ட் செய்த) சேர்விஸிடம் கேட்கலாம், டேபிளுக்குள் நேரே கைவைக்கக்கூடாது. ஒவ்வொரு பகுதியையும் தனித்தனிச் சேர்வரில் ஓடவிடும் மைக்ரோசேர்விஸ் பேச்சைத் தம்பி எடுத்தான். இரண்டு பேர் நாலு சேர்வரைக் கட்டி மேய்ப்பதா என்றேன், அவனே சிரித்துவிட்டான்.

முதல் இடி ஓடருக்கும் பில்லுக்கும் இடையில் விழுந்தது. ஓடர் முடிந்ததும் பில் எழுத வேண்டும், பில்லில் அச்சடிக்க ஓடர் விபரம் வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று இம்போர்ட் செய்ததும், ஸ்டார்ட் ஆகும்போதே பிழை. அடைப்புக்குறிக்குள் ஒரு கேள்விக்குறியைப் போட்டு, இந்த டிபெண்டென்சியை (இது நம்பியிருக்கும் பகுதியை) தீர்க்க முடியவில்லை என்கிறது நெஸ்ட். 'இதைப் பிறகு தேடிக்கொள்' என்று நெஸ்டுக்குச் சொல்லும் ஃபோர்வேர்ட்ரெஃப் போட்டால் ஓடும். போட்டோம், ஓடியது. ஆனால் ஓடருக்கு ஒரு சின்ன டெஸ்ட் எழுதவும் பில் முழுவதையும் இழுத்துவர வேண்டியிருந்தது.

விடை கடையிலேயே கிடந்தது. அங்கே பில் எழுதுபவர் ஓடர் புத்தகத்தைத் திறப்பதே இல்லை. மேல்மாடியிலிருந்து ஒரு துண்டு வரும், அதைப் பார்த்து எழுதிவிட்டுக் கம்பியில் குத்திவிடுவார். நாங்களும் அப்படியே செய்தோம். ஓடர் உறுதியானதும் ஓடர் மொடியூல் பெயர், துணி, கஜ அளவு, விலை எல்லாவற்றையும் ஓர் இவெண்டில், அந்தத் துண்டு மாதிரியான ஒரு செய்தியில், வைத்து அனுப்பிவிடும். பில் அதை வாங்கித் தன் டேபிளில் பதிந்துகொள்ளும். ஃபோர்வேர்ட்ரெஃப் போய்விட்டது.

அப்புறம் வற், அதாவது பெறுமதி சேர் வரி. 2024 ஜனவரி 1 முதல் 15 வீதம் 18 ஆனது தெரியும்தானே. பில் மொடியூலில் 0.15 என்று ஒரே ஒரு இடத்தில் எழுதியிருந்தேன், அதில் ஒரு பெருமை வேறு. டிசம்பர் 31 இரவு 0.18 ஆக்கிவிட்டுப் படுத்தேன். ஜனவரி இரண்டாம் கிழமை கணக்கு பார்க்கும் அக்கா கோல் எடுத்தார்: "தம்பி, டிசம்பர் 29 பில்லைத் திரும்ப அடிச்சா 18 காட்டுது." வீதத்தை நான் பில்லில் பதியவே இல்லை, ஒவ்வொரு முறை அச்சடிக்கும்போதும் புதிதாகக் கணக்குப் போட்டிருக்கிறேன். இப்போது வரிக்குத் தனி மொடியூல் இருக்கிறது: என்ன வீதம், எந்தத் தேதியிலிருந்து. எழுதும் நேரத்து வீதம் பில்லோடேயே பதிந்துவிடும். 2022இல் மட்டும் அது 8இலிருந்து 12, பிறகு 15 என்று ஏறியதைப் பார்த்த எனக்கு இது முதலே உறைத்திருக்க வேண்டும்.

*

கொட்டாஞ்சேனையிலிருந்து:

அண்ணா, உங்களுக்கு வரி, எனக்கு நேரம். பேலியகொடையில் மீன் மொத்த வியாபாரி ஒருவருக்குச் செய்தேன். அவருக்கு வியாபாரமே விடியச்சாமத்தில்தான். அப்ளிகேஷன் ஓடும் டொக்கர் கொண்டெய்னரின் கடிகாரம் யூடிசியில் (நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால் இருக்கும் உலகப் பொது நேரம்) ஓட, காலை 5.30க்கு முந்திய பில் எல்லாம் முதல் நாள் கணக்கில் போய் உட்கார்ந்துவிட்டன. அறிக்கை மொடியூலில் ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டினேன். எனக்குத் தெரியாமல் என் நண்பன் பில் மொடியூலிலும் கூட்டியிருந்தான். இரவு 8 மணி பில் அடுத்த நாள் விடிகாலை 1.30 என்று வந்தது, முதலாளி என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

இப்போது பதிவெல்லாம் யூடிசியில், மாற்றுவது ஒரே ஒரு மொடியூல், அதிலும் 5.30 என்ற எண் கிடையாது, 'ஆசியா/கொழும்பு' என்ற பெயர்தான். 1996இல் இங்கே யூடிசியோடுள்ள வித்தியாசத்தை முதலில் ஆறரை மணி நேரமாகவும் பிறகு ஆறாகவும் மாற்றி, 2006இல்தான் ஐந்தரைக்குத் திரும்பினோம். அந்த மாற்றமெல்லாம் அந்தப் பெயருக்குள் அடங்கியிருப்பதால், பழைய பதிவுகளை ஏற்றுகிறவர்களுக்கு அது கைகொடுக்கும்.

*

வெள்ளவத்தையிலிருந்து:

மொடியூலை எல்லோரும் ஒழுங்காகத்தான் பிரிக்கிறார்கள் தம்பிமாரே, எல்லோருக்கும் பொதுவாக 'கொமன்' என்று ஒரு ஃபோல்டர் திறக்கும்வரை. என் டீமில் அது மாடிப்படிக்குக் கீழே இருக்கும் சாமான் அறை மாதிரி ஆகிவிட்டது. எங்கே வைப்பதென்று தெரியாத எல்லாம் அங்கே. ஒரு நாள் உட்கார்ந்து முடிந்ததையெல்லாம் அதனதன் மொடியூலுக்குத் துரத்தினேன். எஞ்சியவற்றில் ஒன்று அடையாள அட்டை எண்ணைச் சரிபார்க்கும் கோட். பழைய எண் என்றால் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும், புதியது பன்னிரண்டு இலக்கம். பிறந்த நாளைக் குறிக்கும் மூன்று இலக்கத்தில் பெண்களுக்கு 500 கூட்டியிருக்கும். பெப்ரவரிக்கு எந்த வருடமானாலும் 29 நாள் என்ற கணக்கு, ஆகவே மார்ச் 1 எப்போதும் 61. இது தெரியாமல் இரண்டு பேர் இரண்டு இடத்தில் எழுதி, ஒரே ஆளுக்கு இரண்டு பிறந்தநாள் வந்தது. அதற்குப் பிறகு, இரண்டாவது மொடியூல் கேட்டு வந்தால்தான் ஒரு கோட் கொமனுக்குப் போகும் என்று வைத்துக்கொண்டேன்.

*

முதலில் எழுதியவன்:

வெள்ளவத்தை அக்கா, சரியான நேரத்தில் சொன்னீர்கள். 'கொ' என்ற எழுத்தை யூனிகோடில் (கம்ப்யூட்டர் எழுத்துகளுக்குக் குறியீடு கொடுக்கும் முறை) இரண்டு விதமாக எழுதலாம்: க-வோடு ஒகரக் குறி ஒன்றாக, அல்லது எகரக் குறியும் கால் குறியும் தனித்தனியாக. திரையில் ஒன்றுபோலவே தெரியும். வாடிக்கையாளர் பெயரைத் தேடினால் ஆள் இருந்தும் இல்லை என்றது. பதியும்போதும் தேடும்போதும் குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் என்எஃப்சி முறைக்கு நோர்மலைஸ் செய்து, அதாவது ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்து, தீர்த்தேன், அந்தக் கோட் வாடிக்கையாளர் மொடியூலுக்குள்தான் இருக்கிறது. இன்று காலை தம்பி கேட்கிறான், ஸ்டொக்கில் 'கொட்டன்' என்று அடித்தால் பாதித் துணிதான் வருகிறதாம். இரவு உட்கார்ந்து கொமனுக்கு மாற்றுகிறேன்.