ஏரிப் பாசனம் பற்றிய ஆய்வேடுகள்: எந்தத் துறைக்கு எங்கே தேடுவது?

வேட்டவலம்_வாசகி:

வணக்கம். முனைவர் பட்டத்துக்குச் சினாப்சிஸ் (ஆய்வுத் திட்டச் சுருக்கம்) எழுதும் கட்டம். திருவண்ணாமலை மாவட்ட ஏரிகளை ஊரார் பராமரித்த முறையும் அது எப்படிக் கைமாறியது என்பதும்தான் தலைப்பு. இதை வரலாற்றுத் துறையினர், சிவில் பொறியாளர்கள், வேளாண் பல்கலைக்கழகத்தினர், பொருளியலார், நாட்டார் வழக்காற்றியலார் எல்லாரும் தொட்டிருப்பார்கள். இந்திய ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான சோத்கங்காவில் ஆங்கிலத்தில் 'டேங்க்' என்று போட்டால் பெட்ரோல் டேங்க் முதல் செப்டிக் டேங்க் வரை வந்து கொட்டுகிறது. தமிழில் 'ஏரி' என்று போட்டால் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. வெளிநாட்டு ஆய்வேடுகளுக்குப் பணம் கேட்கிறார்கள். எங்கே தொடங்கி எந்த வரிசையில் தேடுவது? பதிவிறக்கிய தமிழ் பி.டி.எஃப்.களில் சொல் தேடினாலும் அகப்படுவதில்லை. அதற்கு வழி உண்டா?

மதகடி:

முதலில் சோத்கங்கா. இது காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் என்ற பல்கலைக்கழக நூலக வலையமைப்பு மையம் நடத்துவது. ஆய்வேட்டின் மின்படியைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) விதி செய்தது 2009-ல். அதனால் அதற்குப் பிந்தியவை நிறைய இருக்கும். முந்தியவை அந்தந்தப் பல்கலைக்கழகம் ஸ்கேன் செய்து ஏற்றியிருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. சோத்கங்காவில் இல்லை என்பதால் ஆய்வே நடக்கவில்லை என்று சினாப்சிஸில் எழுதிவிடாதீர்கள். வாய்மொழித் தேர்வில் முதல் அடி அங்கேதான் விழும்.

'டேங்க்' என்ற ஒற்றைச் சொல்லை விடுங்கள். ஒரே ஏரியை ஒவ்வொரு துறையும் ஒவ்வொரு பெயரில் கூப்பிடுகிறது. பொருளியலார் 'மைனர் இரிகேஷன்', 'வாட்டர் யூசர்ஸ் அசோசியேஷன்' என்பார்கள். சிவில்காரர்கள் தலைப்பில் 'டேங்க் ரிஹாபிலிடேஷன்', 'செடிமென்டேஷன்', 'கேஸ்கேட்' (ஒன்றையடுத்து ஒன்றாக இணைந்த ஏரித் தொடர்) வரும். தொலையுணர்வில் செய்தவர்கள் 'வாட்டர் ஸ்பிரெட் ஏரியா' என்று எழுதுவார்கள், அவர்கள் தலைப்பில் பாசனம் என்ற சொல்லே இராது. வரலாற்றில் 'குடிமராமத்து' (ஊரார் கூடிச் செய்யும் பராமரிப்பு), 'ஆயக்கட்டு' (ஏரி நீர் பாயும் நிலம்), 'ஏரிவாரியம்' (ஏரியைக் கவனித்த ஊர்க்குழு) ஆகியவை ஆங்கில எழுத்தில் இருக்கும். இரண்டு சொல் சேர்ந்த தொடர்களை இரட்டை மேற்கோளுக்குள் போட்டால் செப்டிக் டேங்க் தொல்லை பாதி குறையும்.

ஊர்ப்பெயரிலும் சிக்கல் இருக்கிறது. திருவண்ணாமலை தனி மாவட்டமானது 1989-ல். அதற்கு முன் செய்த ஆய்வு 'நார்த் ஆர்க்காட்' என்ற பெயரில் இருக்கும். ஒப்பீட்டுக்குப் பக்கத்து மாவட்டம் வேண்டுமானால் 'செங்கல்பட்டு' என்பதன் பழைய ஆங்கில வடிவமான 'சிங்கிள்புட்'டையும் தட்டிப் பாருங்கள். காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று அது பிரிந்தது 1997-ல், செங்கல்பட்டு மீண்டும் தனி மாவட்டமானது 2019-ல். ஆக, ஒரே ஏரி மூன்று மாவட்டப் பெயர்களில் கிடக்கலாம்.

சொல் தேடலைவிட எனக்கு நம்பிக்கையான வழி கைடு பெயர். பொருத்தமான ஆய்வேடு ஒன்று கிடைத்ததும் அதன் பதிவுப் பக்கத்தில் நெறியாளர் பெயரைச் சொடுக்குங்கள். ஒரே கைடிடம் நான்கைந்து பேர் அடுத்தடுத்த தாலுகாவில் அதே வேலையைச் செய்திருப்பார்கள். தலைப்பில் நீங்கள் தேடிய சொல் இல்லாததும் அங்கே மாட்டும்.

ஒவ்வோர் ஆய்வேடும் அங்கே துண்டு துண்டாகத்தான் இருக்கும், அத்தியாயத்துக்கு ஒரு கோப்பு. முழுவதையும் இறக்கும் முன் 80 என்று தொடங்கும் 'ரெக்கமண்டேஷன்' கோப்பைத் திறங்கள். பெரும்பாலும் முகப்புப் பக்கமும் முடிவுரையும் அதில் இருக்கும். ஐந்து நிமிடத்தில் வேண்டுமா வேண்டாமா என்று தெரிந்துவிடும். இன்னொன்று: எல்லா ஆய்வேட்டிலும் கோப்புப் பெயர் ஏறக்குறைய ஒன்றே. முகப்பு 01, அப்புறம் சான்றிதழ், அத்தியாயங்கள் என்று போகும். ஒரே ஃபோல்டரில் இறக்கினால் யாருடைய மூன்றாம் அத்தியாயம் எது என்று பிறகு பிரிக்கவே முடியாது. பதிவுப் பக்கத்தில் 10603 என்று தொடங்கி ஒரு சாய்கோடும் எண்ணும் இருக்கும். அந்தச் சாய்கோட்டுக்குப் பின்னுள்ள எண்ணையே ஃபோல்டர் பெயராக வையுங்கள். மேற்கோள் காட்டும்போதும் அதுதான் நிலையான முகவரி, உலாவியின் முகவரிப் பட்டையில் இருப்பது அல்ல.

நூலகம்_மாடி2:

மதகடி சொன்னதோடு சில இடங்கள்.

வேளாண்மைக்குச் சோத்கங்கா போதாது. 'கிருஷிகோஷ்' என்று தனியாக இருக்கிறது. டெல்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் பொறுப்பில் உள்ளது. கோவை வேளாண் பல்கலைக்கழகம் உட்பட வேளாண் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் அங்கே சேர்கின்றன. எம்.எஸ்சி. ஆய்வேடுகளும் உண்டு என்பது பெரிய லாபம். ஓர் ஏரியின் ஆயக்கட்டில் பயிர் மாறியது, கிணற்றுப் பாசனம் கூடியது போன்ற களத் தரவு பி.எச்டி.யைவிட எம்.எஸ்சி.யில்தான் அதிகம் கிடைக்கும். சோத்கங்காவில் இருப்பவை பெரும்பாலும் பி.எச்டி.தான்.

சினாப்சிஸ் கட்டம் என்பதால் 'சோத்கங்கோத்ரி'யையும் பாருங்கள். அதுவும் இன்ஃப்ளிப்நெட்டுடையதுதான். முடிந்த ஆய்வேடு அல்ல, பதிவு செய்த ஆய்வுகளின் சினாப்சிஸ் அங்கே இருக்கும். உங்கள் தலைப்பில் இப்போது வேறு யாராவது இறங்கியிருக்கிறார்களா என்பதை இங்கேதான் ஓரளவு அறியலாம்.

மின்படி இல்லாத பழைய ஆய்வேடுகளுக்கு இணையத்தை மட்டும் நம்பாதீர்கள். இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் வெளியிடும் 'யூனிவர்சிட்டி நியூஸ்' இதழில் 'தீசிஸ் ஆஃப் தி மன்த்' என்ற பட்டியல் வரும். பழைய இதழ்களைப் பல்கலைக்கழக நூலகங்களில் கட்டு போட்டு வைத்திருப்பார்கள். அதில் தலைப்பையும் பல்கலைக்கழகத்தையும் குறித்துக்கொண்டு அந்த நூலகத்துக்கு எழுதுங்கள். பொதுவாக உட்கார்ந்து படிக்க விடுவார்கள், முழு ஜெராக்ஸ் தரமாட்டார்கள். கைடின் கடிதமும் அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும். கடிதத்தில் 'ஆய்வேடுகளைப் பார்வையிட' என்று பொதுவாக எழுதாமல் தலைப்புகளை வரிசை எண்ணோடு எழுதினால் ஒரே நாளில் எடுத்துவைத்துவிடுவார்கள்.

சோத்கங்காவில் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடம் தேதி. ஆய்வு முடிந்த நாள், பட்டம் வழங்கிய நாள், கோப்பு ஏற்றிய நாள் என்று மூன்று இருக்கும். ஏற்றிய ஆண்டை ஆய்வின் ஆண்டாக எழுதியவர்கள் ஏராளம். முகப்புப் பக்கத்தில் அச்சான மாதமும் ஆண்டும்தான் கணக்கு.

பாமினி_பகைவன்:

தமிழ் பி.டி.எஃப்.பில் சொல் தேடினால் அகப்படாததற்கு இரண்டு காரணம். இரண்டுக்கும் மருந்து வேறு.

ஒரு சோதனை செய்யுங்கள். கோப்பில் 'தமிழ்' என்ற சொல்லைத் தேர்வு செய்து நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று ஆங்கில எழுத்துகள் வந்தால் அது பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு. திரையில் தமிழாகத் தெரிந்தாலும் கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துதான், யூனிகோடு அல்ல. கூகுள் தேடலிலும் அது வராததற்கு இதுவே காரணம். வேறு மாதிரிக் குப்பை வந்தால் டாம், டாப், வானவில் என்று வேறு ஏதாவது பழைய குறியாக்கமாக இருக்கும். பி.டி.எஃப். ரீடரில் ஆவணப் பண்புகளுக்குள் எழுத்துரு என்ற பகுதியைத் திறந்தால் பெயரே இருக்கும். பெயர் தெரிந்தபின் என்.எச்.எம். கன்வெர்ட்டரில் அந்தக் குறியாக்கத்தைத் தேர்ந்து யூனிகோடாக மாற்றுங்கள். தவறான குறியாக்கத்தைத் தேர்ந்தால் பாதி தமிழும் பாதி குப்பையுமாக வரும். அதைக் கையால் திருத்த உட்காராதீர்கள், குறியாக்கத்தை மாற்றிப் பாருங்கள்.

முழுக் கோப்பையும் மாற்ற நேரமில்லையா? தலைகீழாகச் செய்யுங்கள். 'குடிமராமத்து' என்பதை யூனிகோடிலிருந்து பாமினிக்கு மாற்றி, வரும் ஆங்கிலக் குழப்பத்தை அப்படியே பி.டி.எஃப்.பின் தேடல் பெட்டியில் ஒட்டுங்கள். சொல் இருக்கும் பக்கத்துக்கே போய் நிற்கும்.

எதையுமே தேர்வு செய்ய முடியவில்லை, பக்கம் முழுவதும் ஒரே படமாக நீலமடிக்கிறது என்றால் அது ஸ்கேன். படத்திலிருந்து எழுத்தை எடுக்கும் எழுத்துணரி (ஓ.சி.ஆர்.) வேண்டும். நாலைந்து பக்கம் என்றால் கூகுள் டிரைவில் ஏற்றி 'கூகுள் டாக்ஸில் திற' என்று கொடுங்கள், கோப்பு 2 எம்.பி.க்குள் இருக்கட்டும். 300 பக்க ஆய்வேடு என்றால் டெசராக்ட் என்ற எழுத்துணரி மென்பொருள். தமிழ், ஆங்கிலம் இரண்டு மொழித் தரவையும் சேர்த்துக் கொடுங்கள், இல்லாவிட்டால் அடிக்குறிப்பில் வரும் ஆங்கிலம் தமிழாகச் சிதையும். ஸ்கேன் 300 டி.பி.ஐ.க்குக் குறைந்தால் ரகரமும் காலும் மாறி மாறி விழும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய தட்டச்சில் பழைய ணை, லை, றா வடிவங்கள் இருக்கும், அங்கேயும் பிழை வரும். கல்வெட்டு எண், ஆண்டு, ஏக்கர் கணக்கு இவற்றை எழுத்துணரியிலிருந்து எடுத்து அப்படியே அட்டவணையில் போடாதீர்கள். பக்கத்தைக் கண்ணால் பார்த்துச் சரிபாருங்கள்.

தமிழில் தேடும்போது 'ஏரி' மட்டும் போதாது. மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் பக்கம் அது கண்மாய், நெல்லையில் குளம், சில இடங்களில் ஏந்தல், தாங்கல். தமிழ்த்துறை ஆய்வேடுகளின் தலைப்பு சோத்கங்காவில் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்த்தோ ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தோ இருக்கிறது. ஒலிபெயர்ப்பில் ஒழுங்கு கிடையாது. 'ஏரி' என்பதை இ-யில் தொடங்குபவர் உண்டு, ஒய்-யில் தொடங்குபவரும் உண்டு. 'கண்மாய்' முடிவில் ஓ-வும் ஐ-யும் போடுபவர் பாதி, ஏ-வும் ஐ-யும் போடுபவர் பாதி. நான்கைந்து வடிவம் எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தட்டுங்கள்.

கடல்கடந்த_கலிங்கு:

வெளிநாட்டுக்கு என் பங்கு. ஆய்வேடுகளை விற்கும் தரவுத்தளமான புரோகுவெஸ்ட் பணம் கேட்டால் உடனே கட்டாதீர்கள். தலைப்பை மேற்கோளுக்குள் போட்டு, அந்தப் பல்கலைக்கழகத்தின் சொந்தக் களஞ்சியத்தில் தேடுங்கள். அதே ஆய்வேடு அங்கே இலவசமாகக் கிடப்பது சகஜம். எம்பார்கோ என்று பூட்டியிருந்தால் திறக்கும் தேதி பதிவுப் பக்கத்திலேயே இருக்கும். ஆறு மாதம், ஓராண்டு, இரண்டாண்டு என்பவை வழக்கமான கெடு. நூலாக வெளியிடும் எண்ணத்தில் பூட்டியிருப்பார்கள். எழுதியவருக்கு மின்னஞ்சல் அனுப்பி, முழு ஆய்வேட்டைக் கேட்காமல் எந்த அத்தியாயம் எதற்கு என்று குறிப்பிட்டுக் கேட்டால் தருபவர்கள் அதிகம்.

பிரிட்டனுக்கு முன்பெல்லாம் பிரிட்டிஷ் நூலகத்தின் 'ஈத்தாஸ்' என்ற ஆய்வேட்டுத் தளம் ஒன்றே போதும். 2023 அக்டோபர் இணையத் தாக்குதலில் அது விழுந்தது. இன்னும் அந்தச் சுட்டியைப் பழைய வழிகாட்டிகள் கொடுத்துக்கொண்டிருக்கின்றன. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், லண்டனின் சோவாஸ் மூன்றின் களஞ்சியங்களையும் தனித்தனியே பாருங்கள். தென்னிந்திய கிராமம் பற்றிய பழைய மானிடவியல் ஆய்வேடுகளுக்குச் சோவாஸை விடவே கூடாது. தலைப்பில் சாதியோ கோயிலோ இருக்கும், உள்ளே ஓர் அத்தியாயம் நீர்ப் பங்கீடாக இருக்கும்.

நெதர்லாந்தின் வாஹனிங்கன் பாசன ஆய்வுக்குப் பேர்போனது, ஆய்வேடுகளைத் திறந்தே வைத்திருக்கிறார்கள். பிரான்சுக்கு 'தேஸ்' தளம், 1985 முதலான ஆய்வேடுகளின் பதிவு உண்டு, நடந்துகொண்டிருப்பவையும் சேர்த்து. எல்லாவற்றையும் ஒரே வலையில் அள்ள வேண்டுமானால் ஜெர்மனியின் பீலெஃபெல்டு பல்கலைக்கழகம் நடத்தும் 'பேஸ்' என்ற தேடுபொறி. அதில் ஆவண வகையை ஆய்வேடு என்று வடிகட்டுங்கள். ஆனால் வடிகட்டியை மட்டும் நம்பினால் 'வகை தெரியாதது' என்று பதிவானவை விடுபடும், ஒருமுறை வடிகட்டாமலும் ஓட்டுங்கள்.

இலங்கையை மறந்துவிடாதீர்கள். வறண்ட வலயக் குளங்கள் பற்றி மொறட்டுவை, பேராதனைப் பல்கலைக்கழகங்களில் பொறியியல், வேளாண் ஆய்வுகள் உண்டு. அங்கே 'கேஸ்கேட்' என்ற சொல்லோடு 'எல்லங்காவ' என்ற சிங்களச் சொல்லையும் போடுங்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் களஞ்சியத்தையும் ஒரு பார்வை பாருங்கள். தமிழில் எழுதியவற்றில் 'ஏரி' என்று தேடினால் கிடைக்காது, அங்கே எல்லாம் குளம்தான்.

வேட்டவலம்_வாசகி:

எல்லாருக்கும் நன்றி. ஒரே ஒரு ஐயம். ஓர் ஆய்வேட்டில் 1960-களின் ஏரிக் கணக்கு அட்டவணை இருக்கிறது, மூலம் தாலுகா அலுவலக ஆவணம் என்று போட்டிருக்கிறார். அதை அந்த ஆய்வேட்டின் பெயரிலேயே மேற்கோள் காட்டலாமா?

நூலகம்_மாடி2:

மூல ஆவணத்தை நீங்களே பார்க்காதவரை ஆய்வேட்டைத்தான் காட்ட வேண்டும், 'மேற்கோள் வழி' என்று சொல்லி. ஆனால் அதற்கு முன் அதே அட்டவணை இன்னோர் ஆய்வேட்டில் இருக்கிறதா என்று அட்டவணைத் தலைப்பை மேற்கோளுக்குள் போட்டுக் கூகுளில் பாருங்கள். ஒரே கைடின் மாணவர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் எடுத்திருப்பார்கள், கூட்டுத்தொகையில் உள்ள பிழை உட்பட. நெடுவரிசைகளை ஒருமுறை நீங்களே கூட்டிப் பாருங்கள். கூட்டல் தப்பினால், ஆண்டில் முந்தியதைத் தேடிப் பிடியுங்கள்.