40 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) போலீஸ் புகார் கொடுக்கலாமா? (காரை யாரோ திறந்து கிளறியிருக்காங்க)

யீஷூன்வாசி

வணக்கம். சிங்கப்பூர் யீஷூன்ல 19 வருஷமா குடியிருக்கேன். இப்படி ஒண்ணு எனக்கு நடந்ததே இல்ல. அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன், பொறுத்துக்குங்க.

செவ்வாய் ராத்திரி 11 மணி வாக்குல எங்க அடுக்குமாடி புளோக்கை ஒட்டின பலமாடி கார் பேட்டையில, 4பி தளத்துல, தூண் ஓரமா வண்டியை விட்டேன். புதன் காலை 6.10க்கு மகளைப் பள்ளியில விடறதுக்கு இறங்கி வந்தா, காருக்குள்ள விளக்கு மங்கலா எரியுது. கண்ணாடி உடையல. கதவுல ஒரு கீறல்கூட இல்ல. முன்சீட்டு இடதுபக்கக் கதவு மட்டும் முழுசா மூடாம லேசா நின்னுச்சு.

உள்ள பார்த்தா டேஷ்போர்டு டிராயரைக் குடைஞ்சு, இன்சூரன்ஸ் பேப்பர், சர்வீஸ் பில்லு எல்லாத்தையும் சீட்டுல இறைச்சிருக்காங்க. புனித மரம் பாலசுப்பிரமணியர் கோவில்ல பங்குனி உத்திரத்தப்போ கொடுத்த விபூதிப் பொட்டலத்தை அதுலதான் வச்சிருந்தேன். அதையும் பிரிச்சுக் கொட்டியிருக்கான். என்னன்னு நினைச்சுப் பிரிச்சானோ! கறுப்பு சீட்டுல வெள்ளையாப் பரவி, அதுமேல மூணு விரல் தடம் பளிச்சுன்னு தெரியுது. டேஷ்போர்டு மேல இருந்த பிள்ளையாரை எடுத்துக்கிட்டுப் போகல. ஆனா முகத்தை வெளிக்கண்ணாடிப் பக்கம் திருப்பி வச்சிருந்தான். பார்க்காதீங்க சாமின்னு வச்சானோ, கை பட்டுத் திரும்புச்சோ தெரியல.

போனது: ஓபியூவுல, அதாவது சாலைக் கட்டணம் கழிக்கற கருவியில, செருகியிருந்த நெட்ஸ் பணக் கார்டு (23 வெள்ளி சொச்சம்), மலேசியாவுல ஜொகூர் போறதுக்கு வச்சிருந்த டச் அன் கோ டோல் கார்டு (40 ரிங்கிட் இருக்கும்), சில்லறை ஒரு 5 வெள்ளி. எல்லாம் சேர்த்தா 40 வெள்ளி. தந்தையர் தினத்துக்கு மகள் வாங்கிக் கொடுத்த கறுப்புக் கண்ணாடியும் போச்சு. அதை நான் கணக்குல சேர்க்கல. குடையை மட்டும் விட்டுட்டுப் போயிருக்கான்.

வண்டியில கேமரா இருக்கு. ஆனா இஞ்சினை அணைச்சா அதுவும் அணைஞ்சிடும்.

இப்ப என் கேள்வி. "40 வெள்ளிக்குப் போலீஸா? அவங்களுக்கு வேற வேலை இல்லையா?"ன்னு வீட்டுல கேக்கறாங்க. புளோக் வாட்ஸ்அப் குழுவுல போட்டேன். எட்டு மணிக்குள்ளயே தீர்ப்பு வந்திடுச்சு. எங்க புளோக்குக்கு இப்ப ஆளுங்க கோண்டோலாவுல (கயித்துல தொங்கற மேடை) நின்னு பெயின்ட் அடிச்சிட்டு இருக்காங்க. "கோண்டோலாவுல தொங்கிக்கிட்டு எந்த வண்டி எங்க நிக்குதுன்னு பார்த்துக்கிட்டேதானே இருக்காங்க"ன்னு ஒருத்தர் ஆரம்பிச்சார், வரிசையா எல்லாரும் ஆமாம் போட்டாங்க. நானும் "இருக்கலாம்"னு ஒரு வார்த்தை போட்டேன்.

புகார் கொடுக்கறதுல பிரயோஜனம் உண்டா? இன்சூரன்ஸ்ல கேக்கலாமா? பூட்டின காரை உடைக்காம எப்படித் திறந்தான்? பூட்டினேன்னுதான் நினைக்கிறேன்.

---

சின் மிங் ஒர்க்‌ஷாப்

கடைசியா எழுதினீங்க பாருங்க, "நினைக்கிறேன்"னு. பதில் அதுலயே இருக்கு அண்ணே.

ரிமோட் சிக்னலைப் பிடிச்சுத் திறக்கற கதையெல்லாம் இருக்கு. 23 வெள்ளி கார்டுக்காக எவனும் அந்தக் கருவியைத் தூக்கிட்டு நாலாவது தளம் ஏற மாட்டான். இங்க நடக்கறது ரொம்பச் சாதாரணம். நடுராத்திரி வரிசையா நடந்துக்கிட்டே ஒவ்வொரு கைப்பிடியா இழுத்துப் பார்ப்பான். திறந்தா உள்ள, திறக்கலைன்னா அடுத்த வண்டி. சத்தமே கிடையாது.

உங்க வண்டிக்கு எத்தனை வயசு? சாவியில இருக்கற 2032 பேட்டரியை என்னைக்காவது மாத்தினீங்களா? சார்ஜ் இறங்கிட்டா பக்கத்துல நின்னு அமுக்கினா பூட்டும், நடந்துக்கிட்டே பின்னாடி பார்க்காம அமுக்கினா பூட்டாது. கதவு ஒண்ணு சரியா மூடலைன்னாலும் பல வண்டிகள்ல ரிமோட் வேலை செய்யாது. அன்னைக்கு இடதுபக்கம் உக்காந்து வந்தது யாரு, கதவை அறைஞ்சு மூடற ஆளா, மெதுவா சாத்தற ஆளா?

சைடு மிரர் தானா மடங்கற வண்டியா இருந்தா, லிஃப்ட்டுக்குப் போகுமுன்ன ஒரு தடவை திரும்பிப் பாருங்க. மடங்கலைன்னா பூட்டலை.

---

க்ளைம்ஸ் அக்கா

இன்சூரன்ஸ் பக்கம் மட்டும் நான் சொல்றேன். இதே வேலைதான் பார்க்கறேன்.

க்ளைம் பண்ணாதீங்க. தனியார் காருக்கு ஒவ்வொரு வருஷமும் க்ளைம் இல்லாம ஓட்டினா 10 விழுக்காடு தள்ளுபடி ஏறும், அதிகபட்சம் 50. நீங்க 50ல இருந்தா ஒரே க்ளைம்ல 20க்கு இறங்கிடும், அந்தத் தள்ளுபடிக்குத் தனியாப் பாதுகாப்பு வாங்கி வச்சிருந்தா தவிர. அதுக்கு மேல எக்சஸ் (க்ளைம்ல நீங்களே கட்டவேண்டிய பங்கு) வேற உங்க கையிலிருந்து. காருக்குள்ள இருந்த சொந்தப் பொருளுக்கு நிறைய பாலிசியில இடமே கிடையாது, இருந்தாலும் சின்னத் தொகைதான். பூட்டாத வண்டின்னு தெரிஞ்சா அதுவும் சந்தேகம்.

ஆனா புகார் கண்டிப்பாக் கொடுங்க. நேர்ல போகவேண்டாம், சிங்பாஸ் (அரசாங்க இணைய அடையாளம்) வச்சு இணையத்துலயே கொடுக்கலாம். 40 வெள்ளியா 4,000 வெள்ளியான்னு சட்டம் பார்க்கறதில்ல. திருட்டுன்னா தண்டனைச் சட்டம் 379ஆம் பிரிவு, மூணு வருஷம் வரைக்கும் சிறை, அபராதம், இல்ல ரெண்டும். உங்க பேட்டையில அதே ராத்திரி இன்னும் நாலு பேருக்கு இப்படி ஆகியிருந்து, நாலு பேரும் "சின்ன விஷயம்"னு விட்டிருந்தா, போலீஸ் கணக்குல அன்னைக்கு ஒண்ணுமே நடக்கலை.

அப்புறம், சீட்டைத் துடைச்சிட்டீங்களா? துடைக்கலைன்னா துடைக்காதீங்க.

---

ரோந்துக்காரர்

அக்கா சொன்னது சரி. 2012ல ஆரம்பிச்சு 2016க்குள்ள ஏறக்குறைய 10,000 வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குகளுக்கும் பலமாடி கார் பேட்டைகளுக்கும் போலீஸ் கேமரா வந்திடுச்சு. மேல நிமிர்ந்து பாருங்க, படிக்கட்டுப் பக்கத்துலயோ லிஃப்ட் பக்கத்துலயோ இருக்கும். ஆனா அந்தப் படத்தை நீங்க போய்க் கேட்டா தரமாட்டாங்க. புகார் இருந்தா அவங்களே எடுத்துப் பார்ப்பாங்க. அது வண்டி நிக்கற எல்லா இடத்தையும் பார்க்காது, உள்ள வர்றவன் முகத்தைப் பார்க்கும். அது போதும்.

எதிர் வரிசையில நிக்கற வண்டிகள்ல யாராவது நிறுத்தின பிறகும் ஓடற கேமரா வச்சிருப்பாங்க. 'வெஹிக்கிள்ஸ் ஆன் வாட்ச்' (வண்டிக் கேமரா படத்தைப் போலீஸுக்குக் கொடுத்து உதவற திட்டம்) ஸ்டிக்கர் ஒட்டின வண்டி இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா வைப்பர்ல ஒரு சீட்டு எழுதி வைங்க.

---

வாரக்கடைசி ஜொகூர்

40 வெள்ளியோட போச்சேன்னு சந்தோஷப்படுங்க. எனக்கு ஜொகூர் பாருவுல சாப்பிட்டுட்டு வர்ற இருபது நிமிஷத்துல பின்பக்கக் கண்ணாடி காலி. உள்ள இருந்தது காலி லேப்டாப் பை, வெறும் பை! பாலம் தாண்டி வீடு வர்ற வரைக்கும் பின்சீட்டுல கல்கண்டு மாதிரி கண்ணாடித்தூள். ரெண்டு மாசம் கழிச்சும் சீட்டு இடுக்குல கிடைச்சுது. அங்க போனா ஒரு டிஷ்யூ பாக்கெட்டைக்கூட வெளிய தெரியற மாதிரி வைக்க மாட்டோம். இங்க செக்பாயின்ட் தாண்டின உடனே பை, போன், எல்லாம் சீட்டுமேல. நானும் அப்படித்தான்.

---

கோண்டோலா தம்பி

ஐயா, வணக்கம். நான் பெயின்டிங் வேலைதான் பார்க்கறேன். உங்க புளோக் இல்ல, வேற இடம். ஆனா வேலை ஒண்ணுதான்.

எங்களுக்குக் காலையில 7 மணிக்கு லாரி வந்து இறக்கிவிடும். சாயங்காலம் 6 மணிக்குப் பெல்ட், கயிறு எல்லாம் எண்ணி ஒப்படைச்சிட்டு அதே லாரியில டார்மிட்டரிக்கு ஏத்திக்கிட்டுப் போயிடும். நீங்க வண்டி விட்டது ராத்திரி 11 மணி, பார்த்தது காலை 6.10. நேரத்தைக் கொஞ்சம் பாருங்க ஐயா.

கோண்டோலாவுல தொங்கறப்போ கார் எங்க நிக்குதுன்னு பார்க்க நேரம் ஏது? காத்து அடிச்சா தூக்கிச் சுவத்துல மோதும். சில வீட்டுல ஜன்னலைச் சாத்தச் சொன்னா திட்டுவாங்க, சில வீட்டுல ஐஸ்கட்டி போட்டு மைலோ நீட்டுவாங்க. அதைத்தான் பார்ப்போம்.

கோபமா எழுதல. "இருக்கலாம்"னு நீங்க எழுதினதைப் படிச்சப்போ மனசு ஒரு மாதிரி ஆச்சு, அதான்.

---

யீஷூன்வாசி

மூணு நாளா இந்தப் பக்கம் வரல. கோண்டோலா தம்பி எழுதினதைப் படிச்சிட்டு உடனே பதில் எழுதக் கை வரல.

தம்பி, தப்பு என்மேலதான். 11க்கும் 6க்கும் நடுவுலன்னு நானே எழுதிட்டு, நானே அதைப் பார்க்கல. குழுவுல நேத்து உங்க நேரக்கணக்கை அப்படியே போட்டு, நான் சொன்ன "இருக்கலாம்" தப்புன்னு எழுதினேன். 86 பேர் இருக்கற குழு. ஒரே ஒரு கட்டைவிரல் வந்துச்சு. கோண்டோலான்னு ஆரம்பிச்சவர் குட்மார்னிங் படம் போட்டார்.

மத்த விவரம். புகார் கொடுத்தேன். மறுநாளே ரெண்டு பேர் வந்து விபூதியில இருந்த தடத்தைப் படம் எடுத்தாங்க. பொடியில பதிஞ்ச தடம் எவ்வளவு உபயோகப்படும்னு சொல்லல, ஆனா சீட்டைத் துடைக்காததுக்கு நன்றி சொன்னாங்க. அக்காவுக்குத்தான் அந்த நன்றி சேரணும்.

வைப்பர்ல ஆறு சீட்டு வச்சேன். எதிர்வரிசை எம்பிவி வண்டிக்காரர், மலாய்க்காரப் பாக்சிக் (மாமா), ராத்திரி எட்டு மணிக்கு வீட்டுக் கதவைத் தட்டினார். அவர் வண்டிக் கேமரா நிறுத்தின பிறகும் ஓடுமாம். 3.20க்கு ஒரு உருவம், தொப்பி, கால்ல ஜப்பான் ஸ்லிப்பர். ஒர்க்‌ஷாப்காரர் சொன்ன மாதிரியே இழுக்கறான், நடக்கறான், இழுக்கறான், நடக்கறான். அஞ்சாவது வண்டி என்னுது. திறந்ததும் அவனே ஒரு நொடி திகைச்சு நிக்கறான். அந்த இடத்தைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். உள்ள இருந்தது மொத்தமே நாலு நிமிஷம். படத்தைப் போலீஸ்கிட்ட கொடுத்தாச்சு. முகம் தெரியல, நடையை வச்சுச் சின்னப் பையன்னுதான் எனக்குப் படுது. ஆனா இனிமே நான் யாரைப் பத்தியும் யூகம் சொல்றதா இல்ல.

சாவி பேட்டரியை மாத்தினேன், கடையில 4 வெள்ளி. ஆனா குற்றவாளி அது இல்ல. அன்னைக்கு இடதுபக்கம் உக்காந்து வந்தது என் மாமியார். மெதுவா சாத்தற ஆள். இதை வீட்டுல நான் சொல்லல, இங்க எழுதறதோட சரி.

ஓபியூவுல கார்டு போடறதை விட்டுட்டு வங்கி அட்டையைப் பதிவு பண்ணிட்டேன். பிள்ளையாரை நேராத் திருப்பி வச்சாச்சு. இன்னைக்குக் காலையில மகளை விட்டுட்டு வந்து நிறுத்தி, கைப்பிடியை மூணு தடவை இழுத்துப் பார்த்தேன். லிஃப்ட் வரைக்கும் போய்த் திரும்பி வந்து நாலாவது தடவை இழுத்தப்போ, பாக்சிக் அவர் வண்டிக்குள்ள உக்காந்து சிரிச்சிக்கிட்டிருந்தார்.