சிம்ப்சன்ஸ் தொடரின் அபு: பழித்தார்களா, உயர்த்தினார்களா?

மஞ்சள்வீடு:
சிறுவயதில் அண்ணனோடு பார்த்த அமெரிக்கக் கார்ட்டூன் ‘தி சிம்ப்சன்ஸ்’ தொடரின் பழைய பகுதிகளை இந்த மாதம் மறுபடி பார்த்து வருகிறேன். கார்ட்டூன் என்றாலே பிள்ளைகளுக்கானது என்று நம்பி அம்மா அன்று எங்களைக் கண்டுகொள்ளவே மாட்டார். ஹோமர் மகனின் கழுத்தை நெரிக்கும்போது விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன். இப்போது எனக்கும் ஒரு பையன் இருக்கிறான், சிரிப்பு வரவில்லை. ஆனால் இந்தியாவிலிருந்து குடியேறிய கடைக்காரர் அபுவை இனக்கேலி என்று தூற்றுவதை மட்டும் ஏற்க மாட்டேன். 1996இல் வந்த ஒரு பகுதியைப் பாருங்கள். தெருவுக்குள் கரடி வந்துவிடுகிறது. கரடியை விரட்டப் படை, படைக்கு வரி, வரியை எதிர்த்துக் கூச்சல். மேயர் பழியைத் தூக்கிச் சட்டவிரோதக் குடியேறிகள் தலையில் போடுகிறார். சட்டவிரோதக் குடியேறிகளுக்கு அரசு உதவிகளை மறுத்த கலிஃபோர்னியாவின் 1994ஆம் ஆண்டு 187ஆம் முன்மொழிவுக்கு அது நேரடிக் குத்து. நாடு கடத்தப்படாமலிருக்க அபு போகும் குடியுரிமைத் தேர்வில் அமெரிக்க உள்நாட்டுப் போரின் காரணத்தைக் கேட்கிறார்கள். அபு பொருளாதாரக் காரணங்களையெல்லாம் அடுக்கத் தொடங்க, அடிமைமுறை என்று மட்டும் சொன்னால் போதும் என்று அதிகாரி வாயை அடைக்கிறார். அந்த ஊரில் விவரம் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

எடிசன்காரி:
நான் நியூஜெர்சியில் பள்ளிக்கூடம் போனவள். உங்கள் கரடிக் கதை என் வகுப்பில் யாருக்கும் நினைவில்லை. அபுவின் ‘நன்றி, மீண்டும் வருக’ என்ற ஒரே வரிதான், அதுவும் இந்திய உச்சரிப்பை மிகைப்படுத்திய அந்தக் குரலில். என் அப்பா வேதியியல் படித்தவர், கடை வைத்தவர் அல்லர். பெற்றோர் கூட்டத்தில் அவர் எழுந்து பேசியதும் பின்வரிசையில் இரண்டு பையன்கள் தோள் குலுங்கச் சிரித்தார்கள். அடுத்த கூட்டத்துக்கான தாளை நான் வீட்டில் காட்டவேயில்லை.

கிழக்குவாசல்:
வருத்தமான விஷயம்தான். ஆனாலும் யாரைத்தான் விட்டுவைத்தார்கள்? வில்லி ஸ்காட்லாந்துக்காரர், தாதா டோனி இத்தாலியர். காவல்துறைத் தலைவரின் வாயில் எப்போதும் டோனட். அபுவை மட்டும் பொத்திப் பொத்தி வைக்கவேண்டுமா?

எடிசன்காரி:
ஸ்காட்லாந்துக்காரருக்குத் தொலைக்காட்சியில் வேறு ஆயிரம் முகம் உண்டு. எங்களுக்கு அன்று இருந்தது இவர் ஒருவர்தான்; அந்தக் குரலும் ஹாங்க் அசாரியா என்ற வெள்ளைக்காரருடையது. இந்திய வம்சாவளி நகைச்சுவைக் கலைஞர் ஹரி கொண்டபோலு 2017இல் இதைத்தான் ஆவணப்படமாக எடுத்தார். மறு ஆண்டு தொடர் தந்த பதிலைப் பார்த்தீர்களா? அநியாயம் என்றால் முதலில் கொதிக்கும் பிள்ளை ஹோமரின் மகள் லிசா. அவள் வாயிலேயே, அன்று கைதட்டியதை இன்று தவறு என்கிறார்கள், என்ன செய்வது என்ற வசனத்தை வைத்தார்கள். கட்டிலருகே அபுவின் படம் வேறு. 2020இல் அசாரியா அந்தக் குரலைக் கைவிட்டார். தொடரை எழுதியவர்களைவிட அவருக்கே முதலில் உறைத்தது.

மஞ்சள்வீடு:
லிசா காட்சி கோழைத்தனம். அதில் உங்கள் பக்கம்தான். ஆனால் 1992இல் ஹோமரின் வீடு தீப்பற்றும்போது காப்பாற்ற ஓடிவருபவர்களில் அபுவும் ஒருவர். பிறகு பாதிரியார் கிறிஸ்தவர், யூதர் என்று சொல்லி, அபுவிடம் வந்ததும் ‘இன்னபிற’ என்று முடிக்கிறார். இந்துக்கள் நாங்கள் எழுபது கோடிப் பேர் என்று அபு வெடிக்கிறார். அடி விழுவது பாதிரியாருக்கு அல்லவா? நேற்று அந்தத் தேர்வுக் காட்சியை ஒலியை அணைத்து, வசன எழுத்தை மட்டும் படித்துப் பார்த்தேன். கிண்டல் அப்படியே நிற்கிறது.

எடிசன்காரி:
‘இன்னபிற’ எனக்கும் பிடிக்கும். கரடி வரும் பகுதியை நான் முழுதாகப் பார்த்ததில்லை. அந்தக் குரல் வந்தாலே எழுந்து போய்விடுவேன். இன்றிரவு பார்க்கிறேன், உங்களைப் போல ஒலியை அணைத்துவிட்டு.