ஓவியத்தை விற்றுக் காவலருக்குச் சம்பளம் தரலாமா? பெருந்தொற்றுக் காலத்து அமெரிக்க அருங்காட்சியகங்கள் பற்றி ஒரு கேள்வி

வைகைக்கரை (கேள்வி):
வணக்கம். அருங்காட்சியக நிர்வாகம் குறித்து முதுகலை ஆய்வேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். 2020 அக்டோபரில் பால்டிமோர் கலை அருங்காட்சியகம், ஆண்டி வார்ஹோலின் ‘தி லாஸ்ட் சப்பர்’ உள்ளிட்ட மூன்று ஓவியங்களை விற்று 6.5 கோடி டாலர் திரட்டத் திட்டமிட்டு, ஏலம் தொடங்க இரண்டு மணி நேரமே இருந்தபோது பின்வாங்கியது. அதே மாதத்தில் புரூக்ளின் அருங்காட்சியகம் லூக்காஸ் கிரானாக்கின் ‘லுக்ரீஷியா’வை ஏலத்தில் 50 லட்சம் டாலருக்கு மேல் விற்றது, அதற்குத் தடை ஏதும் வரவில்லை. எழும்பூர் அருங்காட்சியகம் என்றால் மாநில அரசின் துறை ஒன்று அதை நடத்துகிறது, சம்பளம் கருவூலத்திலிருந்து வருகிறது என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். அமெரிக்காவில் இதை யார் கட்டுப்படுத்துகிறார்கள்? ஒன்றுக்குக் கிடைத்த அனுமதி மற்றொன்றுக்கு ஏன் கிடைக்கவில்லை?

செந்தாழை:
உங்கள் கேள்வியை இரண்டாகப் பிரித்துக்கொள்வது நல்லது. கதவைத் திறப்பதும் மூடுவதும் பொதுச் சுகாதாரம் சார்ந்தவை; அவற்றை முடிவு செய்தவை மாநில அரசுகள். நியூயார்க் நகரத்தில் 2020 ஆகஸ்ட் 24 முதல், நான்கில் ஒரு பங்கு பார்வையாளர்களுடன் திறந்துகொள்ளலாம் என்று ஆளுநர் அறிவித்த பிறகே, மார்ச் 13 அன்று மூடிய மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் ஆகஸ்ட் 29 அன்று திறந்தது.

பணத்தின் கதை வேறு. பெரிய அருங்காட்சியகங்களில் பெரும்பாலானவை இலாப நோக்கற்ற தனியார் அமைப்புகள்; அவற்றில் அறங்காவலர் குழு வைத்ததே சட்டம். நடுவண் அரசு 2020 மார்ச்சில் இயற்றிய கேர்ஸ் என்னும் பெருந்தொற்று நிவாரணச் சட்டம், நாட்டின் எல்லா நூலகங்களுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் சேர்த்து அவற்றுக்கான நடுவண் நிறுவனத்துக்கு ஒதுக்கியது வெறும் 5 கோடி டாலர். உண்மையில் கைகொடுத்தது அதே சட்டம் தந்த ஊதியப் பாதுகாப்புக் கடன்தான். மாதச் சம்பளச் செலவைப் போல இரண்டரை மடங்கு வரை கடன் கிடைத்தது. அதைச் சம்பளத்துக்கே செலவிட்டால் தள்ளுபடியானது. ஆனால் 500 பேருக்கு மேல் வேலை செய்த இடத்துக்கு அது பொதுவாகக் கிடைக்கவில்லை. ஏறத்தாழ 2,000 பேர் பணிபுரிந்த மெட்ரோபாலிட்டன் அந்த வரம்புக்கு வெளியே நின்றது. 15 கோடி டாலர் வரை பற்றாக்குறையை எதிர்பார்த்து ஆட்குறைப்பும் செய்தது. முந்நூறு கோடி டாலருக்கு மேல் வைப்புநிதி வைத்துக்கொண்டு ஏன் ஆட்குறைப்பு என்று பலர் கேட்டார்கள். அந்த நிதியில் பெரும்பங்கு, இன்ன வேலைக்கு மட்டும் என்று கொடையாளர் எழுதிக் கொடுத்தது; எஞ்சியதைத் தொடுவதோ விதைநெல்லைக் குத்தித் தின்பதைப் போன்றது.

விற்பனைக்கு வருவோம். இங்கே சிவன் சொத்து குலநாசம் என்பார்கள். அங்கே அந்த அச்சத்தை ஊட்டுவது கலை அருங்காட்சியக இயக்குநர்கள் சங்கம் என்னும் தொழில்முறை அமைப்பு. அது அரசு அமைப்பு அன்று. சேகரிப்பிலிருந்து விற்ற பணத்தில் வேறு கலைப்பொருள்தான் வாங்கலாம், அன்றாடச் செலவுக்கு எடுக்கக் கூடாது என்பது அதன் நெடுநாள் விதியாக இருந்தது. மீறினால், அந்த இடத்துக்கு ஓவியங்களை இரவல் தராதீர்கள், சேர்ந்து கண்காட்சி நடத்தாதீர்கள் என்று உறுப்பினர்களிடம் சொல்லிவிடும். 2018இல், இந்த விதியை மீறி ஓவியங்களை விற்ற மாசசூசெட்ஸ் மாநிலத்துப் பெர்க்‌ஷயர் அருங்காட்சியகத்துக்கு அதுதான் நேர்ந்தது. பெருந்தொற்று வந்ததும், 2020 ஏப்ரலில், இந்தச் சங்கமே 2022 ஏப்ரல் 10 வரை விதியைத் தளர்த்தியது. விற்ற பணத்தின் வருவாயைச் சேகரிப்பின் ‘நேரடிப் பராமரிப்பு’க்குச் செலவிட்டால் தண்டனை இல்லை என்றது. அதில் எது அடங்கும் என்பதை ஒவ்வோர் அருங்காட்சியகமும் தானே வரையறுத்து வெளியிட வேண்டும் என்றும் விட்டுவிட்டது.

காப்பறை:
மேலே உள்ள கடைசி வாக்கியம்தான் சிக்கலின் வேர். ஓவியங்களையும் ஏடுகளையும் செப்பனிடும் பணியில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: பூட்டிய கட்டடத்துக்குச் செலவில்லை என்ற எண்ணம் தவறானது. பொதுமுடக்கத்தின்போது நான் பணியாற்றிய இடத்தில், ஈரப்பதத்தை உறிஞ்சும் இயந்திரத்தின் தட்டு நிரம்பி, அது தானாக நின்றுபோனது. வாரம் ஒருமுறை கூட யாரையும் உள்ளே அனுப்பாததால் அது எவருக்கும் தெரியவில்லை. மூன்று வாரம் கழித்து நான் உள்ளே போனபோது அளவுமானி 74 விழுக்காடு காட்டியது. தோல் அட்டை போட்ட ஏடுகளின் முதுகில் சாம்பல் நிறப் பூஞ்சை படர்ந்திருந்தது, பசைப்பொறிகளில் வெள்ளிமீன் பூச்சிகள் மொய்த்திருந்தன. திருட்டு அச்சமும் உண்டு. நெதர்லாந்தின் சிங்கர் லாரன் அருங்காட்சியகம் மூடிக்கிடந்த 2020 மார்ச் 30 விடியற்காலையில், வேறோர் அருங்காட்சியகம் இரவல் தந்திருந்த வான்கோவின் ஓவியம் களவுபோனது. 2023இல்தான் திரும்பக் கிடைத்தது.

இனி நீங்களே சொல்லுங்கள். குளிரூட்டியின் மின்கட்டணம் நேரடிப் பராமரிப்பா? அதை இயக்குபவரின் சம்பளம்? ஓவியத்தின் முன் எட்டு மணி நேரம் நிற்கும் காவலரின் சம்பளம்? நான் மூன்றுக்கும் ஆம் என்பேன். காவலர் இல்லாத அறையில் என் தூரிகைக்கு என்ன வேலை?

ஏலக்கடை:
காப்பறை ஐயாவின் வாதம் மனத்தைத் தொடுகிறது, ஆயினும் பால்டிமோருக்கு அது பொருந்தாது. அந்த அருங்காட்சியகம் அப்போது நொடித்துப்போகும் நிலையில் இல்லை. ஓவியம் விற்ற பணத்தை வைப்பாக வைத்து, அதன் வருவாயில் சேகரிப்பைப் பராமரிப்போரின் சம்பளத்தைக் கொடுத்து, அதனால் மிச்சமாகும் பணத்தில் ஊதியத்தை உயர்த்துவதும் சமத்துவத் திட்டங்களை நடத்துவதும்தான் நோக்கம் என்று நிர்வாகமே வெளிப்படையாகச் சொன்னது. நோக்கம் நல்லதுதான், ஆனால் அதற்குப் பெருந்தொற்றுச் சலுகையைக் கருவியாக்கியதை என்னால் ஏற்க முடியவில்லை. முன்னாள் அறங்காவலர்கள் மாநிலத்தின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரலுக்குக் கடிதம் எழுதினார்கள். சிலர் வாக்களித்த நன்கொடையைத் திரும்பப் பெற்றார்கள். நீண்டகாலத் தேவைகளுக்கும் பெருந்திட்டங்களுக்கும் கலைப்பொருளை விற்ற பணம் கூடாது என்று சங்கத்தின் தலைவர் ஏலத்துக்கு முந்தைய நாள் சுற்றறிக்கை விட்டார். அதில் பால்டிமோரின் பெயர் இல்லை; இருக்க வேண்டிய தேவையும் இல்லை.

புரூக்ளினோ பராமரிப்பு நிதிக்காக என்று மட்டும் சொல்லி விற்றது. நியூயார்க் மாநிலத்தில் அருங்காட்சியகங்களுக்கு உரிமப் பட்டயம் வழங்கும் ரீஜன்ட்ஸ் வாரியத்தின் விதியும் சேகரிப்பின் பராமரிப்புக்கு இடம் தருகிறது, அன்றாடச் செலவுக்குத் தருவதில்லை.

செந்தாழை:
அட்டர்னி ஜெனரலை நான் விட்டுவிட்டேன், நன்றி. அறக்கொடைகள் கொடுத்தவரின் எண்ணப்படி செலவாகின்றனவா என்று பார்ப்பது அவர் பொறுப்பு. பெர்க்‌ஷயர் விவகாரத்தில் மாசசூசெட்ஸ் அட்டர்னி ஜெனரல் முதலில் எதிர்த்துப் பின்னர் உடன்பாட்டுக்கு வந்தார், 5.5 கோடி டாலர் வரை விற்க மாநில உச்ச நீதிமன்ற நீதிபதி அனுமதித்தார். ஆகவே சட்டம் அனுமதித்த ஒன்றுக்குத்தான் சங்கம் தண்டனை விதித்தது.

வைகைக்கரை:
மிக்க நன்றி. 2022 ஏப்ரலில் சலுகை முடிந்த பிறகு என்ன ஆயிற்று? பழைய விதிக்கே திரும்பினார்களா?

காப்பறை:
இல்லை. 2022 இலையுதிர்காலத்தில் சங்கம் நேரடிப் பராமரிப்பை நிரந்தரமாகவே ஏற்றுக்கொண்டது. ஆனால் இம்முறை வரையறையைத் தானே எழுதியது. செப்பனிடும் செலவு, படைப்புகளைச் சேமித்து வைக்கத் தேவையான பொருள்கள் ஆகியவை உள்ளே. பணியாளர் சம்பளம் வெளியே. என் கட்சி தோற்றது, ஏலக்கடையார் கட்சி வென்றது என்று வைத்துக்கொள்ளலாம். அதே ஆண்டு மார்ச்சில் பால்டிமோர் அருங்காட்சியகத்தின் காவலர்கள் 17 பேர், தாங்கள் காவல் காத்த சேகரிப்பிலிருந்து தாங்களே தேர்ந்தெடுத்த படைப்புகளைக் கொண்டு ஒரு கண்காட்சியை அமைத்தார்கள்.